தெரிந்தே ஓடிப்போனவனைக் கடவுள் திரும்பக் கூப்பிடுவாரா?

கரையோரம்_காசிமேடு | ஏப்ரல் 27, இரவு 11.40

நேரில் யாரிடமும் கேட்க முடியாததால் இங்கே எழுதுகிறேன். விவரம் தெரிந்த பெரியவர்கள் பதில் சொல்லுங்கள்.

சின்ன வயதிலிருந்தே ஜெபம், ஞாயிறு பள்ளி என்று வளர்ந்தவன் நான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் உபவாசக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, "நீ போய் இதைச் செய்" என்று ஒரு காரியம் மனதுக்குள் தெளிவாக வந்தது. என்ன காரியம் என்று இப்போது சொல்ல விருப்பமில்லை. நல்ல காரியம்தான். நான் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். முடியாது என்று முடிவெடுத்து, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, இரண்டே மாதத்தில் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போய்விட்டேன். ஒன்பது வருடம் அங்கேயே இருந்தேன். அம்மா இறந்தபோது அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை.

ஊருக்குத் திரும்பி மூன்று வருடம் ஆகிறது. ஞாயிறு காலையில் மணி அடித்தால் சர்ச் கேட் வரை போகிறேன். உள்ளே போக முடியவில்லை. தெரியாமல் செய்த தப்புக்கு மன்னிப்பு உண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். தெரிந்தே முதுகைக் காட்டி ஓடியவனுக்கும் உண்டா?

---

ஓய்வு_வாத்தியார் | தண்டையார்பேட்டை | ஏப்ரல் 28, காலை 6.15

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் பைபிளில் வருகிற தீர்க்கதரிசி யோனாதான் ஞாபகத்துக்கு வந்தார். நான்கே அதிகாரம் உள்ள சின்னப் புத்தகம், நாற்பத்தெட்டு வசனம். இன்று ராத்திரி ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

அவரை அசீரியர்களின் நகரமான நினிவேக்குப் போய் எச்சரிக்கச் சொன்னார் கடவுள். நினிவே இருப்பது கிழக்கே, இன்றைய ஈராக்கின் மோசூல் நகரத்துக்கு எதிர்க்கரையில். இவரோ மேற்கே தர்ஷீசுக்குப் போகிற கப்பலைப் பிடிக்க யோப்பா துறைமுகத்துக்கு வந்தார். தர்ஷீஸ் எங்கே இருந்தது என்பதில் பல கருத்து உண்டு, ஸ்பெயின் பக்கம் என்பவர்கள் அதிகம். இதில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. அவர் "கூலி கொடுத்து" கப்பல் ஏறினார் என்று எழுதியிருக்கிறது. ஓடுவதற்குத் தன் கைக்காசைக் கொடுத்தார். நீங்கள் ஏஜெண்டுக்குப் பணம் கட்டினேன் என்றதும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அப்புறம் கடலில் புயல் வந்தது, மாலுமிகள் அவரைக் கடலில் போட்டார்கள், ஒரு பெரிய மீன் விழுங்கி, பிறகு கரையில் கக்கியது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில் மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இருக்கிறது. கர்த்தருடைய வார்த்தை "இரண்டாந்தரம்" யோனாவுக்கு உண்டானது. ஏன் ஓடினாய் என்ற விசாரணையோ, இனி உன்னை நம்ப மாட்டேன் என்ற பேச்சோ அங்கே இல்லை. அதே வேலை, அதே ஊர், "எழுந்து போ" என்ற அதே வார்த்தை. யோனா தெரியாமல் ஓடியவர் இல்லை. தெரிந்தே ஓடியவர்.

---

எண்ணூர்_தென்கரை | ஏப்ரல் 28, காலை 9.02

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரக்கம், இரக்கம் என்று பேசிப் பேசி ஓடுவதைச் சுலபமாக்கிவிட்டோம். யோனா ஓடியதில் யாருக்கு நஷ்டம்? ஒன்றும் அறியாத மாலுமிகளுக்கு. சரக்கையெல்லாம் கடலில் கொட்டினார்கள். அந்தச் சரக்குக்கு ஒரு சொந்தக்காரன் இருந்திருப்பான். அவனுக்கு யார் பதில் சொல்வது?

என் அப்பாவும் ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவர். பதினெட்டு வருடம் கழித்து வந்தார். சபையில் சாட்சி சொன்னார், எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். நானும் அம்மாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓடியவனுக்கு இரக்கம் உண்டா என்று கேட்பதற்கு முன்னால், விட்டுவிட்டு வந்தவர்களைப் பற்றியும் கேளுங்கள்.

---

லாஞ்ச்_டிரைவர் | காசிமேடு | ஏப்ரல் 28, மதியம் 2.30

தடைக்காலம், ஜூன் 14 வரை கரையில்தான் இருக்கிறேன். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

வேதத்தில் எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் அந்தக் கதையில் கடல் வருகிற பகுதியை எழுதியவர் கடல் தெரிந்தவர் என்று சொல்வேன். காற்று ஏறும்போது படகில் என்ன நடக்கும் தெரியுமா? முதலில் யாரும் சாமியைக் கூப்பிட மாட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் பாரத்தைக் குறைக்க வேண்டும். ஐஸ் போகும், பிடித்த மீன் போகும். வலையை வெட்டி விடுவது கடைசி. வலையை வெட்டுகிறவன் கையில் கத்தி நடுங்கும், ஏனென்றால் அது கடன் வாங்கிப் போட்ட வலை. எண்ணூர்க்காரர் சொன்ன நஷ்டம் உண்மை. நான் அதை என் படகிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த மாலுமிகளைப் பாருங்கள். "என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள்" என்று யோனாவே சொன்ன பிறகும் அவர்கள் போடவில்லை. கரை சேரத் துடுப்பு வலித்தார்கள். அந்தக் கடலில் கரைக்குப் போவது உள்ளே நிற்பதைவிட ஆபத்து. துறைமுக வாயில் அலை உடைகிற இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். யாரோ ஒருவன், வேறு ஜாதி, வேறு சாமி, தங்கள் சரக்கு போனதற்கே காரணமானவன். அவனுக்காகத் தங்கள் உயிரை வைத்து வலித்தார்கள். கடவுளுடைய இரக்கம் அந்தக் கப்பலில் முதலில் வந்தது அந்த ஆட்களின் தோளில்தான். மீன் அப்புறம்தான் வந்தது.

இன்னொன்று. அவ்வளவு காற்றிலும் யோனா கீழ்த்தட்டில் தூங்கினார் என்று இருக்கிறது. பலர் அதை அலட்சியம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனசு உடைந்தவன் அப்படித் தூங்குவான். என் தம்பி தூங்கினான், அதனால் சொல்கிறேன்.

---

ஒற்றியூர்_வடிவு | திருவொற்றியூர் | ஏப்ரல் 28, இரவு 8.50

நான் சைவம். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், பிறகு எழுதியே விடலாம் என்று தோன்றியது. ஏனென்றால் எங்கள் ஊர்க் கோயிலிலேயே இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

தேவாரம் பாடிய சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். "உன்னைப் பிரியேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்தார். அதிலும் ஒரு தந்திரம் செய்யப் பார்த்தார். சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் மகிழ மரத்துக்குப் போய்விடுங்கள் என்று சிவனிடமே கேட்டார். சிவன் சங்கிலியாரின் கனவில் வந்து, மரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார். மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. சின்ன வயதில் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பிறகு தென்றல் வீசியது, திருவாரூர் ஞாபகம் வந்தது, கிளம்பிவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டன.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் "கோயிலில் இருக்கிறீரா?" என்று கேட்டார். "உளோம், போகீர்" என்று பதில் வந்தது. "இருக்கிறோம், நீ போ." கோபம் தீராத வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால் இருந்து பேசுகிற மாதிரி. ஆனால் கையில் ஓர் ஊன்றுகோல் கொடுத்தார். கண் தரவில்லை, கோல் தந்தார். காஞ்சிபுரத்தில் இடக்கண். திருவாரூரில் வலக்கண். (அந்தத் திருவெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது, கோயிலைப் பக்கத்தில் வேறு இடத்தில் கட்டியிருக்கிறார்கள். நம் வடசென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீருக்குள் அந்த ஊர் கிடக்கிறது என்று எனக்கு எப்போதும் ஓர் எண்ணம்.)

தம்பி, நீங்கள் கேட் வரை போய் நிற்கிறீர்களே, அது அந்த ஊன்றுகோலாக இருக்கலாம்.

எண்ணூர்க்காரருக்கும் ஒரு வார்த்தை. சங்கிலியார் என்ன ஆனார் என்று நானும் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். "சாமி அவ பக்கம்தான் நின்னாரு, அதனாலதான் இவரு கண்ணு போச்சு" என்றார். அந்தப் பதில் எனக்கு முழுதாகப் போதவில்லை. உங்கள் அம்மாவுக்கும் போதாது. ஆனால் அதில் ஏதோ இருக்கிறது.

---

எண்ணூர்_தென்கரை | ஏப்ரல் 28, இரவு 9.20

நன்றி அக்கா. இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

---

மண்ணடி_பேகம் | ஏப்ரல் 29, காலை 5.50

ஃபஜ்ர் தொழுதுவிட்டு இதைப் படிக்கிறேன். நீங்கள் சொல்கிற யோனாவை, எங்கள் யூனுஸ் நபியை (அலை), எங்களுக்கும் தெரியும். குர்ஆனில் பத்தாவது அத்தியாயத்துக்கே அவர் பெயர்தான்.

அவர் கப்பலுக்குப் போனதைச் சொல்ல 37ஆம் அத்தியாயத்தில் வருகிற அரபுச் சொல், எஜமானிடமிருந்து தப்பி ஓடுகிற அடிமைக்குச் சொல்கிற சொல் என்று எங்கள் உஸ்தாத் விளக்குவார். ஒரு நபியைப் பற்றி அவ்வளவு நேராகச் சொல்லியிருக்கிறது. மறைக்கவில்லை.

மீன் வயிற்றின் இருட்டுக்குள் அவர் கேட்ட துஆவை (பிரார்த்தனையை) எங்கள் வீட்டில் கஷ்டம் வந்தால் எல்லோரும் ஓதுவோம். அதன் பொருள் இதுதான்: உன்னைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை, நீ தூயவன், நான்தான் அநியாயம் செய்தவர்களில் ஒருவனாகிவிட்டேன். கவனியுங்கள், அதில் "என்னை வெளியே எடு" என்ற கோரிக்கையே இல்லை. காரணமும் சொல்லவில்லை. நான்தான் என்று ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் துதிப்பவராக இல்லாதிருந்தால் உயிர்ப்பிக்கப்படும் நாள்வரை அங்கேயே இருந்திருப்பார் என்றும் வருகிறது. எங்கள் வீட்டுக்காரர் தவறிய வருடம் அந்த துஆவைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

கரையில் வந்து விழுந்தபோது உடம்பு நலிந்து கிடந்தார். அவர் மேல் நிழலுக்கு ஒரு சுரைக் கொடியை அல்லாஹ் முளைக்க வைத்தான். ஓடிப்போனவரைத் திட்டவில்லை, முதலில் நிழல் கொடுத்தான். இதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

---

ஓய்வு_வாத்தியார் | ஏப்ரல் 29, காலை 7.10

சகோதரி, அருமையாகச் சொன்னீர்கள். எங்கள் பைபிளில் அந்தச் செடி நான்காம் அதிகாரத்தில், கதையின் கடைசியில் வருகிறது. தமிழில் ஆமணக்கு என்று போட்டிருக்கிறார்கள். அந்த அதிகாரத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

முதல் அதிகாரத்தில் யோனா ஏன் ஓடினார் என்று சொல்லவே இல்லை. நாம் பயம் என்று நினைத்துக்கொள்கிறோம். அசீரியர்கள் கொடியவர்கள், நியாயமான பயம்தான். ஆனால் நான்காம் அதிகாரத்தில், நினிவே மனம் திரும்பி, ராஜா சாம்பலில் உட்கார்ந்து, ஆடுமாடுகூட இரட்டு என்ற சாக்குத்துணி உடுத்தி, ஊர் தப்பித்த பிறகுதான் யோனா வாயைத் திறக்கிறார். நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன் என்கிறார். கடவுள் இரக்கம் காட்டமாட்டாரோ என்ற சந்தேகத்தில் ஓடவில்லை. காட்டிவிடுவார் என்று நிச்சயமாகத் தெரிந்ததால் ஓடினார். தன் ஜனத்தின் எதிரிக்கு அது கிடைத்துவிடக் கூடாது என்று ஓடினார். பின்னால் கி.மு. 722 வாக்கில் அதே அசீரியர்கள்தான் இஸ்ரவேல் ராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவைப் பிடித்தார்கள். அவருடைய கோபத்தைச் சின்னக் கோபம் என்று நான் சொல்லமாட்டேன்.

நாற்பது வருடம் இந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் மீன் படம் வரைந்து சொல்லிக்கொடுத்தேன். நான்காம் அதிகாரத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டேன். அது என் தவறு.

---

கரையோரம்_காசிமேடு | ஏப்ரல் 30, இரவு 1.05

வாத்தியார் ஐயா எழுதியதைக் காலையில் படித்தேன். நாள் முழுவதும் வேலை ஓடவில்லை. முதலில் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு விசைப்படகு வைத்திருந்தார்கள். எனக்குப் பதினைந்து வயதில் அப்பா மாரடைப்பில் போனார். காரியம் முடிந்து ஒரு மாதத்தில் படகு சித்தப்பா பெயருக்கு மாறியிருந்தது. அம்மா கேட்கப் போனபோது வாசலில் நிற்க வைத்துப் பேசினார். அன்றிலிருந்து அம்மா கூடை சுமந்தார். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கல்மண்டபம் மார்க்கெட் வரை தலைச்சுமை. அம்மா தலையில் சும்மாடு வைத்த இடத்தில் முடி இருக்காது. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன்.

உபவாசக் கூட்டத்தில் எனக்கு உணர்த்தப்பட்டது இதுதான்: சித்தப்பா வீட்டுக்குப் போ, பேசு, அவரைக் கூட்டிக்கொண்டு வா.

நான் பயந்து ஓடவில்லை. போனால் அவர் அழுதுவிடுவார், மன்னித்துவிட வேண்டி வரும், கடவுளும் மன்னித்துவிடுவார், அம்மாவின் தலை அப்படியே இருக்கும். அதனால் போனேன். பஹ்ரைன் வரைக்கும்.

நான் போகாததால் எதுவும் நிற்கவில்லை. வேறு யார் மூலமோ சித்தப்பா சர்ச்சுக்கு வந்துவிட்டார். நான்கு வருடமாக வருகிறாராம். அவருக்குக் கிட்னி போய்விட்டது, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். கேட் வரை போய் நான் நிற்பதற்குக் காரணம் குற்ற உணர்ச்சி மட்டும் இல்லை. உள்ளே மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்து பாடுவது கேட்கிறது. அவருக்குக் கிடைத்துவிட்டது. வெளியே நிற்பது நான்.

---

எண்ணூர்_தென்கரை | ஏப்ரல் 30, காலை 8.00

அண்ணா, நான் முதலில் எழுதியதை வைத்து என்னை உங்களுக்கு எதிரான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களும் நானும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். கடைசி வரிசையில்.

---

லாஞ்ச்_டிரைவர் | ஏப்ரல் 30, காலை 10.45

தம்பி, படகு எந்தப் படகு என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இங்கே சொல்லமாட்டேன். உன் அம்மாவிடம் என் வீட்டில் மீன் வாங்கியிருக்கிறார்கள். எடையில் ஒரு நாள்கூடக் குறைத்ததில்லை.

---

ஓய்வு_வாத்தியார் | ஏப்ரல் 30, மாலை 6.30

தம்பி, மன்னித்துவிடு என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் அம்மாவின் தலையை நான் பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் காட்டுகிறேன். கோபத்தோடு ஊருக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்த யோனாவைக் கடவுள் அப்படியே விட்டுவிடவில்லை. நினிவேயை மன்னித்த வேலை முடிந்தது, போகலாம் என்று போகவில்லை. வெயிலில் உட்கார்ந்த அந்த ஒரே ஆளிடம் வந்து பேசினார். "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?" என்று கேட்டார். வாதாட விட்டார். செடி வைத்தார், செடி பட்டது, மறுபடியும் பேசினார். இலட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் இருந்த ஊருக்குக் காட்டிய அதே பொறுமையை இந்த ஓர் ஆளுக்கும் காட்டினார். கேட்டுக்கு வெளியே நிற்கிறீர்கள் என்றால், அவர் உள்ளே மட்டும் இருக்கிறார் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று. ராயபுரம் என்ற பெயரே இராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். இராயப்பர் என்றால் பேதுரு. அவரை இயேசு கூப்பிட்ட பெயர் "யோனாவின் குமாரனாகிய சீமோன்". அவரும் மூன்று தரம் தெரியாது என்று சொல்லி ஓடியவர்தான். பிற்பாடு அதே யோப்பாவில், கடலோரத்தில் தோல் பதனிடுகிற ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது, அந்நிய ஜாதிக்காரனான ஒரு ரோமப் படை அதிகாரியின் வீட்டுக்குப் போகச் சொல்லி அவருக்குக் கட்டளை வந்தது. முதல் யோனா கப்பல் ஏறிய ஊர் அது. இந்த யோனாவின் மகன் அங்கிருந்து நடந்து போனார். முதலில் அவருக்கும் மனசில்லை. அந்தக் கட்டளைக்குச் சற்று முன்னால், தீட்டான மிருகங்களை அடித்துச் சாப்பிடு என்று தரிசனத்தில் வந்த குரலுக்கு "அப்படியல்ல, ஆண்டவரே" என்றுதான் சொன்னார். ஆனாலும் கடைசியில் கிளம்பினார்.

---

ஒற்றியூர்_வடிவு | ஏப்ரல் 30, இரவு 9.15

தம்பி, அம்மா கடைசியில் என்ன சொன்னார்கள்? சித்தப்பாவைப் பற்றி?

---

கரையோரம்_காசிமேடு | மே 1, காலை 4.40

அக்கா, தெரியாது. நான் அப்போது பஹ்ரைனில் இருந்தேன். அக்கம்பக்கத்தில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

---

கரையோரம்_காசிமேடு | மே 2, இரவு 10.20

இன்று போனேன்.

என்னவென்று சொல்வது. கதவைத் தட்டினேன், சித்தி திறந்தார், அப்படியே நின்றுவிட்டார். சித்தப்பா கட்டிலில் இருந்தார். பாதி ஆள் ஆகிவிட்டார். கையில் டயாலிசிஸ் ஊசி போடுகிற நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் "சாப்பிட்டியா?" என்றார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. படகைப் பற்றிப் பேசினோம். அதை விற்று ஆறு வருடம் ஆகிறதாம், எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அப்பா அந்தப் படகின் இன்ஜினைச் சத்தம் கேட்டே பழுது சொல்வார் என்றார். எனக்கு அது தெரியாது. யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வடிவு அக்கா கேட்டதைச் சித்தியிடம் கேட்டேன். அம்மா கடைசி வருடத்தில் இரண்டு முறை வந்து மீன் கொடுத்துவிட்டுப் போனாராம். காசு வாங்கவில்லையாம். ஏன் என்று சித்திக்கும் தெரியவில்லை.

கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. வெளியே வந்து தெருமுனையில் நின்று அழுதேன், அது எதற்கான அழுகை என்று தெரியவில்லை. பேகம் அக்கா சொன்ன துஆவின் பொருளை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். சித்தியால் தனியாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற முடியவில்லை. செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

---

மண்ணடி_பேகம் | மே 3, காலை 5.45

அல்ஹம்துலில்லாஹ். உங்கள் அம்மாவுக்காகவும் இன்று துஆ செய்தேன்.

---

எண்ணூர்_தென்கரை | மே 3, காலை 7.30

அண்ணா, அந்த இரண்டு முறை மீன் கொடுத்த விஷயத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். என் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார். அப்பாவைப் பற்றி அவர் மனதில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்டதில்லை. இன்று கேட்கப் போகிறேன்.

---

லாஞ்ச்_டிரைவர் | மே 3, காலை 9.10

தம்பி, செவ்வாய் எத்தனை மணிக்கு? ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், மாடிப்படி இருந்தால் மூன்று பேர். தடைக்காலம் முடிகிற வரை நான் சும்மாதான் இருக்கிறேன். வீட்டு வாசலில் வந்து நிற்கிறேன், நேரத்தை மட்டும் சொல்.